பழைய கார்களைக் காப்பது யார்? பாடி - அம்பத்தூர் பட்டறைகள் சொல்லும் பதில்

பழைய மோட்டார் கார் சேர்ப்பது பணக்காரர்களின் விளையாட்டு என்பது பலருடைய எண்ணம். வருஷத்துக்கு ஒரு நாள் பாலிஷ் போட்டு ஊர்வலம் விடுவார்கள், பத்திரிகைகளில் படம் வரும், அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் அறுபது, எழுபது வயதான ஒரு வண்டி அன்று சாலையில் ஓடவேண்டுமானால், மற்ற 364 நாட்களும் அதற்காக யாராவது உழைத்திருக்க வேண்டும். அந்த உழைப்பு எப்படிப்பட்டது, அது இன்னும் எத்தனை காலம் கிடைக்கும் என்பதைப் பார்த்தால், இது ஒரு சில செல்வந்தர்களின் விவகாரம் மட்டுமல்ல என்பது விளங்கும். சென்னைக்கு மேற்கே பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் தொழில் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு.

சென்னைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1903-ம் ஆண்டிலேயே சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் ஒரு காரைக் கட்டி இந்த நகரத்தில் ஓட்டிக் காட்டினார். வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் 1971 வரை ஹெரால்டு கார்களைச் செய்து விற்றார்கள். செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்திற்று. பின்னர் 1990-ல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனிப் பாதை அமைந்தது. ஆகவே, பழைய கார்ப் பற்று இந்த ஊரில் திடீரென்று முளைத்த ஒன்றல்ல.

இன்று சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் முதலிய சங்கங்கள் இந்தப் பற்றை வளர்த்து வருகின்றன. வடபழனியில் ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில் 40-க்கும் மேற்பட்ட பழைய கார்கள் நிற்கின்றன. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் அமைந்த கார் மியூசியம் 2015 முதல் இருந்துவருகிறது. தில்லியிலும் கல்கத்தாவிலும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் 1960-களில் தொடங்கிய பழங்கார் ஊர்வலங்கள் நாடெங்கும் இத்தகைய சங்கங்களுக்கு வழிகாட்டியாக இருந்தன.

<b>ஞாயிற்றுக்கிழமைச் சிநேகம்</b>

இச்சங்கங்களில் நடப்பது என்ன? வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் கூடுகிறார்கள். பழைய யந்திரங்களுக்குச் சென்னை வெயிலும் ஆகாது, நெரிசலும் ஆகாது. சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்றால் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஆகவே போக்குவரத்து குறைவான நேரத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டு, எங்காவது நிழலில் வண்டிகளை நிறுத்திக் காப்பி குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். பேச்சில் பாதி கார்புரேட்டரைப் பற்றியது. மீதிப் பாதி உதிரி பாகங்களைப் பற்றியது.

உதிரி பாகம்தான் இவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு. ஒருவரிடம் இருக்கும் மூன்றாவது டைனமோ மற்றவருக்கு உயிர் நாடி. வேறொருவர் புதுப்பேட்டையில் பழைய சாமான்களைக் கிளறும்போது தம்முடைய காருக்கு உதவாத ஒரு கைப்பிடியைக் கண்டால், அது யாருக்கு உதவும் என்று நினைத்து வாங்கிவருகிறார். கடையில் கிடைக்காத பொருளுக்கு விலை வைப்பது எப்படி? ஆகவே இரவலும் கைம்மாற்றும்தான் வழக்கம். பானெட்டைத் திறந்துவிட்டால் டாக்டரும் தொழிலதிபரும் மெக்கானிக்கும் ஒரே வரிசையில் குனிந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் மெக்கானிக்கின் வார்த்தைக்கே மதிப்பு அதிகம். வழியில் ஒரு வண்டி நின்றால் மற்ற வண்டிகளும் நிற்பது எழுதாத சட்டம்.

<b>மேற்கு வட்டாரத்தின் கைவரிசை</b>

ஆனால் சிநேகத்தினால் மட்டும் யந்திரம் ஓடாது. கம்பெனியே மூடிப்போன ஒரு காருக்குப் பாகம் தேய்ந்துவிட்டால் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒரே ஒரு பாகம் செய்து தரும்படி கேட்டால் பெரிய ஆலை ஏறெடுத்தும் பார்க்காது. ஆயிரக் கணக்கில் செய்தால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். ஒன்றே ஒன்றைச் செய்ய சிறு பட்டறையால்தான் முடியும்.

இங்கேதான் பாடி - அம்பத்தூர் வட்டாரம் வருகிறது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆலை 1961-ல் வந்தது. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரக் கருவிகள் அங்கே தயாராயின. அதையடுத்து வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் முதலிய ஆலைகள் தோன்றின. அம்பத்தூரில் சைக்கிள் ஆலையும், 1959-ல் டன்லப் டயர் ஆலையும் ஏற்பட்டன. 1960-களில் சர்க்கார் அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டை பெரிதாக வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. டன்லப் ஆலை இன்று இயங்கவில்லை. ஆயினும் பஸ் நிறுத்தத்துக்கு அதன் பெயர் நிலைத்துவிட்டது.

பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், முலாம் பூசும் கூடங்களும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஆலைகளில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தமாக ஒரு லேத் போட்டார்கள். வரைபடம் இல்லாவிட்டாலும் தேய்ந்துபோன பாகத்தைக் கையில் வாங்கி, காலிப்பர் வைத்து அளந்து, தேய்மானம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு, புதிதாகக் கடைந்து தரக் கூடியவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்கள் கற்ற கல்வி புத்தகத்தில் இல்லை.

பழைய காருக்கு வேண்டியது இந்தக் கல்விதான். அந்தக் காலத்து யந்திரங்கள் பலவற்றில் கிராங்க் ஷாப்டைத் தாங்கும் பேரிங் தனியாகக் கழற்றி மாட்டும் பாகம் அல்ல. ஈய நிறமுள்ள வெள்ளை உலோகத்தை உருக்கி, அந்த இடத்திலேயே ஊற்றி, ஆறியபின் அளவுக்குக் கடைந்து, கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். உலோகத்தின் சூடு கொஞ்சம் குறைந்தாலும் அது ஒட்டாது. சுரண்டுவது கொஞ்சம் கூடினாலும் எண்ணெய் அழுத்தம் நிற்காது. இது தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தொழிற்பேட்டையில் இன்று கம்ப்யூட்டர் இயக்கும் யந்திரங்கள் கடைகின்றன. அவை மிக நுட்பமாகக் கடையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த அளவுக்குக் கடையவேண்டும் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லக் கூடியவர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று முதன்முறையாகத் தனி விதிகளைப் பிரசுரித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இதில் அடங்கும். வண்டி அசல் உருவத்தில் இருக்கவேண்டும். சட்டம், உடற்கூடு, யந்திரம் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் தரப்படும். ஏற்கெனவே எண் உள்ளவை அதையே வைத்துக்கொள்ளலாம். இவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ, வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, ரிப்பேர், பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்காகச் சாலைக்கு வரலாம்.

இது நல்ல விதி. பழைய வண்டி வெறும் பழைய இரும்பு அல்ல என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு இது சாட்சி. ஆனால் இதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது.

சாதாரணக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஆக, ஒரு கார் 15 வயதிலிருந்து 50 வயதை எட்டுவதற்கு ஏழு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். இந்த விகிதப்படி பார்த்தால் அதற்கு ஏறக்குறைய 65,000 ரூபாய் ஆகும். பசுமை வரியும், பழுது பார்க்கும் செலவும் தனி. ஐம்பது வயதில் கிடைக்கும் மரியாதைக்காக, முப்பத்தைந்து ஆண்டுகள் அபராதம் போன்ற கட்டணத்தைச் செலுத்தவேண்டும்.

ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவருக்கு இது பாரம் அல்ல. பாரம் யாருக்கு? அப்பா வாங்கிய பத்மினியையோ, அம்பாஸடரையோ விற்க மனமில்லாமல் வீட்டு வாசலில் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு. ஹெரால்டு கார்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டிவிட்டன. ஆனால் 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800 ஐம்பதை எட்டுவது 2033-ல்தான். இந்தியாவின் நடுத்தர வர்க்கத்தை ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாற்றிய வண்டி அது. அதற்குள் எத்தனை வண்டிகள் புதுப்பேட்டையில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும்!

வெளிநாடுகளில் எப்படி? பழங்கார்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 30 ஆண்டு வயதையே எல்லையாக வைத்திருக்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து, அசல் நிலையில் உள்ள கார்களுக்கு 1997 முதல் தனி எண் பலகை தரப்படுகிறது. பிரிட்டனில் 40 ஆண்டு எல்லை. அதைக் கடந்தால் சாலை வரி கிடையாது.

<b>மறுபக்கமும் உண்டு</b>

சர்க்காரின் வாதத்தையும் கேட்பது நியாயம். பழைய யந்திரங்கள் அதிகம் புகை விடுகின்றன. அவற்றில் பாதுகாப்புச் சாதனங்கள் குறைவு. நாள்தோறும் சரக்கு ஏற்றும் பழைய லாரியைப் பற்றி இது முற்றிலும் உண்மை. ஆனால் வருஷத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும், கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கப்படும் வண்டியை அதே தராசில் நிறுப்பது சரியல்ல. எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்துக் கட்டணம் விதித்தால், இரு தரப்புக்கும் நியாயம் கிடைக்கும்.

மற்றொரு சிக்கல் பெட்ரோல். நாடெங்கும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. கரும்பு விவசாயிக்கும், அன்னியச் செலாவணிக்கும் அது நன்மை. பழைய காருக்கோ சங்கடம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் குழாயையும், கார்க் பாக்கிங்கையும் கெடுக்கும். டாங்கியில் படிந்திருக்கும் அழுக்கைக் கரைத்துக் கார்புரேட்டரை அடைக்கும். ஆகவே குழாய்களையும் பாக்கிங்குகளையும் புதிய ரகத்துக்கு மாற்றியாக வேண்டும். அதற்கும் கைதேர்ந்த மெக்கானிக்தான் தேவை.

<b>செய்யக் கூடியவை</b>

விதியைத் திருத்துவது தில்லியின் கையில் இருக்கிறது. முப்பது வயது கடந்த வண்டிகளுக்கு இடைநிலைத் தகுதி ஒன்றைக் கொடுத்து, ஓட்டத்துக்கு வரம்பு கட்டி, கட்டணத்தைக் குறைத்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

சென்னையில் செய்யக் கூடியது வேறு. அம்பத்தூரில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. சுற்றிலும் பட்டறைகள் இருக்கின்றன. நகரத்தில் சங்கங்களும் கார்களும் இருக்கின்றன. இந்த மூன்றையும் சேர்த்துவைக்க யாரும் இல்லை என்பதே குறை. பழைய யந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் பயிற்சியைச் சங்கங்கள் தம் செலவில் நடத்தலாம். அங்கே வரும் இளைஞர் சிலர் மூத்த கைகளிடம் ஆறு மாதம் இருந்தாலும் போதும், அந்த வித்தை இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு பாகத்தையும் செய்யும்போது அதன் அளவுகளை வரைபடமாக எழுதிவைத்தால், அடுத்த முறை தேய்ந்த பாகத்தைத் தேடி அலையவேண்டியதில்லை.

இது தொண்டு அல்ல, தொழில். நாடெங்கும் சங்கங்கள் பெருகுகின்றன. ஒன்றே ஒன்று செய்து தரும் பட்டறைக்கு வேலை தேடி வருகிறது. ஒரு பாகத்தை அளந்து, புரிந்து, திரும்பச் செய்யத் தெரிந்த இளைஞன் பழைய காருக்கு மட்டுமா உதவுவான்? நின்றுபோன பம்பு செட்டுக்கும், அச்சு யந்திரத்துக்கும், ஆலையின் பழைய லேத்துக்கும் அவன்தான் வேண்டும்.

சங்கங்கள் கார்களுக்குப் பரிசுக் கோப்பைகள் வழங்குகின்றன. எது அசல், எது பளபளப்பு என்று நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அடுத்த கண்காட்சியில், வண்டியின் முன் நிற்கும் விவரப் பலகையில் சொந்தக்காரர் பெயருக்குக் கீழே, அதைப் பழுது பார்த்த மெக்கானிக்கின் பெயரையும், பாகம் கடைந்த பட்டறையின் பெயரையும் எழுதட்டும். பார்க்க வருகிற இளைஞர்களில் ஒருவனாவது அந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு போவான்.