பல் தேய்ந்த வளையமும் பள்ளிக்கூடப் படிப்பும்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். ஆயின், சென்ற ஆண்டு வவுனியாவில் ஒரு கராச்சின் தகரக் கொட்டகையில் மூன்று நாட்கள் நின்று கற்ற பாடம் நெஞ்சை விட்டு அகலாதிருத்தலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் 1000 வண்டியொன்று எம் இல்லத்தில் உண்டு. 1956 இல் இவ்வினம் வெளிவந்தபோது அதிற் பூட்டப்பட்ட 948 கன சென்ரிமீற்றர் இயந்திர வகையே, 1958 இல் இளைஞர் மனத்தைக் கவர்ந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்னும் விளையாட்டு மோட்டார் வண்டிக்கும் உயிராயிற்று. எம் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. சில காலைகளில் ஸ்ராட்டர்க் குமிழை இழுத்ததும் இயங்கும். சில காலைகளில் பல்லை நெரிப்பது போன்ற ஓசை மாத்திரம் எழும். முன்புறத்திற் கைபிடியைச் செருகிக் காற்சுற்றுச் சுற்றிவிட்டால் மீண்டும் இயங்கும். மின்கலம் பழுதென்றார் ஒருவர். ஸ்ராட்டர் பழுதென்றார் மற்றொருவர். புதிய மின்கலம் வாங்கியும் பயனில்லை.

இறுதியில், எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் ஓசையைக் கேட்டார். கைபிடியைச் சுற்றிப் பார்த்தார். "மாஸ்ரர், ஸ்ராட்டரிலை பிழையில்லை. பிளைவீல் றிங்கிலை பல்லுத் தேஞ்சு போச்சு. அதுவும் முழுக்கப் போகேல்லை, இரண்டு இடத்திலைதான்" என்றார். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னவாறே இருந்தது.

இதன் காரணம் அறியத்தக்கது. பறப்புச் சில்லின் விளிம்பைச் சுற்றி ஓர் உருக்குப் பல்வளையம் இறுகப் பூட்டப்பட்டுள்ளது. ஸ்ராட்டரின் சிறு பற்சில்லு பாய்ந்து சென்று அப்பற்களிற் கொளுவி இயந்திரத்தைச் சுழற்றும். நான்கு சிலிண்டர் இயந்திரம் ஓயும்போது, சிலிண்டருள் அமுக்கப்படும் வளியின் எதிர்ப்பினால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு இடங்களுள் ஒன்றிலேயே பெரும்பாலும் நிற்கும். ஆகவே, ஆண்டுக்கணக்கான மோதல் முழுவதும் அவ்விரண்டிடத்துப் பற்கள் மீதே விழுகின்றது. ஏனைய பற்கள் புதியனபோற் கிடக்கின்றன.

"பழைய வளையத்தையே திருப்பிப் பூட்டினால் என்ன, ஐயா?" என்றேன். "பூட்டலாம் மாஸ்ரர். சாமான் கிடைக்காத காலத்திலை அப்பிடித்தான் செய்தனாங்கள். இப்ப கிடைக்கேக்குள்ளை ஏன் பழசைப் போடுவான்?" என்றார். அவர் குறித்தது, 1990 இல் விதிக்கப்பட்டு 2002 இல் நீங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை. பெற்றோலும் மின்கலமும் உதிரிப்பாகமும் தடுக்கப்பட்ட அந்நாளில், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளை என் வயதினர் மறந்திலர்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து புது வளையம் வந்தது. பழைய வளையத்தில் இரு பற்களுக்கிடையே துளையிட்டு, உளியாற் பிளந்து அகற்றினார். பின்னர் புதியதைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்றினார். வேண்டிய வெப்பம் 300 முதல் 400 பாகை சதமளவை; மிகுந்தாற் பற்களின் உறுதி கெடும். அவரிடம் வெப்பமானி இல்லை. உருக்கு வெளிர்நீல நிறங்கொள்ளும் கணத்தைக் கண்ணாற் கண்டு, வளையத்தை எடுத்துச் சில்லின் மீது இட்டார். அது மெல்லத் தட்டிய அளவிற் சென்று அமர்ந்தது. நீர் ஊற்ற விடவில்லை. தானே ஆறவேண்டும் என்றார். ஆறியபின் அதனை எவரும் அசைக்கவியலாது.

வன்னியில் வண்டிச் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டிய கொல்லரின் கலையும் இத்தகையதே. 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்கு வளையம் 300 பாகை சூடேறினால், விட்டம் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் கூடும். இக்கணக்கைக் கரும்பலகையிற் செய்யும் எம் மாணவருள் எத்தனைபேர் அதனைக் கண்ணாற் கண்டனர்?

அப்பெரியாரிடம் இன்று தொழில் பழக ஒருவருமிலர். இதில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளின் முன், துவிச்சக்கர வண்டிச் சங்கிலியோடு எந்நேரமும் மல்லாடிய மாணவனொருவனை, "படிக்காவிட்டாற் கராச்சிலேதான் நிற்பாய்" என்று வகுப்பறையில் ஏசினேன். அன்று சிரித்த வகுப்பும், தலைகுனிந்த அவன் முகமும் அக்கொட்டகையில் என் நினைவுக்கு வந்தன. ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனமிடுகிறோம். மறுநாளே கருவி பிடித்த கையை இழிவாக நோக்குகிறோம்.

எம் கல்வியும் அவ்வியந்திரம் போல வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டிடத்திலேயே வந்து நிற்கின்றது. அங்கே பிள்ளைகள் நெருக்குண்டு தேய, ஏனைய ஆற்றல்கள் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. 2021 இல் எம்மூர் வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே தொழினுட்பக் கற்கைகளுக்கெனப் பீடமும் உண்டு. வாயில் திறந்துளது, பெற்றோர் மனமும் ஆசிரியர் மனமுமே திறந்தில.

புது வண்டிகள் மலிந்த இக்காலத்திற் பழைய மைனர் எதற்கு என்பாருமுளர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் மோட்டார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்வைந்தாண்டும் இந்நாட்டு வண்டிகளை ஓடவைத்தவர் பழுதுபார்ப்போரேயன்றோ?

பழைய மாணவ அன்பர்காள்! யூபிலி நினைவாக அலங்கார வளைவொன்று அமைப்போம் எனச் சிலர் கூறக் கேட்டேன். அப்பணத்தில் ஒரு கொட்டகை அமைப்போம். பழைய இயந்திரம் ஒன்றை அதில் வைப்போம். சான்றிதழ் இல்லாவிடினும் கைத்திறன் மிக்க எம்மூர்ப் பெரியார்களைச் சனிக்கிழமைதோறும் அழைத்து, ஆசிரியர்க்குரிய மதிப்போடு நாற்காலியிட்டு அமர்த்துவோம். முதல் வகுப்பில் மாணவரோடு நானும் அமர்வேன்.