பெயரைப் பார்க்காதே, வரியைப் பார்

"நிரல் திறந்து கிடக்கிறது, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதில் பிழை தங்காது." கணினித் துறை இளைஞர்கள் நம்பிக்கையோடு திருப்பிச் சொல்லும் வாக்கியம் இது. மூடி வைத்த நிரலை விடத் திறந்த நிரல் மேலானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தாலே ஆட்கள் உள்ளே வந்து பார்த்துவிடுவார்களா? நெட்வொர்க் நிரல்களைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பார்ப்பது ஓர் உழைப்பு. அந்த உழைப்பை யார் செய்கிறார்கள், அதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்காதவரை அந்த வாக்கியம் வெறும் மூடநம்பிக்கைதான்.

ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. 2019 ஜூன் 17 அன்று லினக்ஸ் கெர்னலின் டிசிபி பகுதியில் இருந்த சில ஓட்டைகள் வெளியே வந்தன. கண்டுபிடித்தவர் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜொனாதன் லூனி. அவற்றில் மோசமானதற்கு 'சாக் பேனிக்' என்று பெயர். கடவுச்சொல் வேண்டாம், கணக்கு வேண்டாம். எங்கோ இருக்கும் ஒருவர், ஒரு குறிப்பிட்ட வரிசையில் பொட்டலங்களை அனுப்பினால் போதும், சர்வர் அப்படியே படுத்துவிடும். இந்த ஓட்டை 2009இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்தே இருந்தது. பத்து ஆண்டுகள்!

அந்த ஓட்டையின் கணக்கைப் பார்ப்போம். டிசிபியில் 'சாக்' என்றொரு வசதி உண்டு. அனுப்பிய துண்டுகளில் எவையெவை வந்து சேர்ந்தன என்பதைப் பெறுபவர் தனித்தனியாகச் சொல்வார். வந்து சேராததை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். வந்து சேர்ந்தவற்றை லினக்ஸ் ஒரே மூட்டையாகச் சேர்த்துக் கட்டி, உள்ளே எத்தனை துண்டுகள் என்று எண்ணி வைக்கும். அந்த எண்ணை எழுதி வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட். 65,535க்கு மேல் அதில் எழுத முடியாது.

ஒரு மூட்டையில் 17 பகுதிகள் வரை இருக்கலாம். நாம் பரவலாகப் பயன்படுத்தும் கணினிகளில் ஒரு பகுதி 32 கிலோபைட் வரை போகும். 17 × 32 × 1024 = 5,57,056 பைட். எதிர்முனையில் இருப்பவர் வேண்டுமென்றே மிகச் சிறிய துண்டுகளாகக் கேட்டால், லினக்ஸ் 48 பைட் வரை இறங்கி வரும். அதிலும் டிசிபியின் கூடுதல் தகவல்களுக்கு 40 பைட் போய்விட்டால் மிச்சம் 8 பைட். 5,57,056ஐ 8ஆல் வகுத்தால் 69,632. எழுதும் இடமோ 65,535 வரைதான். எண் சுற்றிக்கொண்டு மீண்டும் சிறியதாகிவிடும். கணக்கு உதைப்பதைக் காணும் கெர்னல், "இனி ஓடக்கூடாது" என்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

இதில் எந்த மேதைமையும் இல்லை, தோழர்களே. பெருக்கல், வகுத்தல். பள்ளிக்கூடப் பாடம். யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருந்த நிரலில், உலகின் எத்தனையோ சர்வர்கள் ஓடும் நிரலில், இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்த்துச் சொல்லாமல் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயிரம் கண்கள் எங்கே போயின?

அடுத்து நடந்ததுதான் இன்னும் முக்கியமானது. திருத்தங்களை எழுதியவர் எரிக் டூமாசே. லினக்ஸின் டிசிபி நிரலில் அவருக்கு இணையாகக் கைவைத்தவர்கள் மிகச் சிலரே. அவர் திறமையை யாரும் கேள்வி கேட்க முடியாது. முதல் திருத்தம் தெளிவானது: மூட்டை வரம்பைத் தாண்டுமென்றால் சேர்த்துக் கட்டாதே. இன்னொரு திருத்தம், உடன் வெளிவந்த வேறொரு ஓட்டைக்கு. மூட்டையைத் துண்டு துண்டாக உடைக்க வைத்தே எதிராளி நினைவகத்தைத் தின்றுவிடலாம் என்பது அந்த ஓட்டை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நினைவகம் போனால் உடைக்காதே என்று அதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சில செயலிகள் தாங்களாகவே மிகச் சிறிய அனுப்பு-நினைவகத்தைக் கேட்டு வாங்கி ஓடுபவை. அவற்றுக்கு இந்த வரம்பு கழுத்தில் போட்ட சுருக்காகிவிட்டது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அதைத் திரும்ப அனுப்பக்கூட வரம்பு விடவில்லை. இணைப்பு அப்படியே நின்றது. தாக்குபவனைத் தடுக்க வைத்த விதி, ஒரு தவறும் செய்யாதவரைத் தண்டித்தது. நான்கே நாளில், ஜூன் 21 அன்று, திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுதப்பட்டது. அதுவும் போதாமல் ஜூலையில் இன்னொன்று.

இதைச் சொல்லி டூமாசேயைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. அந்தத் துறையில் தலைசிறந்த ஒருவர் எழுதிய திருத்தத்துக்கே இரண்டு முறை திருத்தம் தேவைப்பட்டது என்றால், "அவரே எழுதியது, பார்க்க என்ன இருக்கிறது?" என்ற பேச்சுக்கு என்ன மரியாதை? நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இந்தப் பேச்சைத் தினமும் கேட்டிருக்கிறேன். மூத்தவர் எழுதிய திருத்தத்தைப் படிக்க இரண்டு நாள் கேட்டால், மேலாளர் "நீ என்ன அவரை விடப் பெரிய ஆளா?" என்பார். புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியதை மட்டும் வரி வரியாகக் கிழிப்பார்கள். இதற்குப் பெயர் மதிப்பாய்வா? ஆளை அளந்து அனுமதிச் சீட்டு கொடுக்கும் வேலை இது. கணினிக்கு யார் எழுதினார்கள் என்பது தெரியாது. 65,536ஆவது துண்டு வந்தால், எழுதியவர் யாராக இருந்தாலும் அது விழும்.

"இனி இயந்திரமே எல்லாவற்றையும் சோதித்துவிடும்" என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். கூகுள் உருவாக்கிய சிஸ்காலர் போன்ற கருவிகள் கெர்னலில் ஏராளமான பிழைகளைப் பிடித்திருக்கின்றன, மறுக்கவில்லை. கெர்னல் விழுந்தால் இயந்திரம் கண்டுபிடிக்கும். ஆனால் "இந்த வரம்பு யாரைத் தண்டிக்கும்?" என்ற கேள்வியை மனிதர்தான் கேட்டாக வேண்டும். அது நியாயம் பற்றிய கேள்வி.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் வெளிவரும் நாள் வரை ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே இருக்கும். தாக்குபவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது என்ற காரணம் சரியானதே. ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும்: ஆபத்து அதிகமான திருத்தத்தைத்தான் மிகக் குறைவான கண்கள் பார்க்கின்றன. அப்படியானால், வெளிவந்த மறுநாளே அதிகமான பேர் அதைப் படித்தாக வேண்டும். லினக்ஸ் மேல் சர்வர்களை அடுக்கிக் கோடிகளைக் குவிக்கும் நிறுவனங்கள் அதற்கு ஆள் போடுகின்றனவா? பெரும்பாலானவை திருத்தத்தை இறக்கிக்கொள்ளும், அத்தோடு சரி. எழுதியவருக்குப் பதவி உயர்வு உண்டு. படித்துப் பிழை பிடித்தவருக்கு "வேலையைத் தாமதப்படுத்துகிறார்" என்ற பட்டம்தான் மிச்சம். உழைப்பை உழைப்பென்றே ஒப்புக்கொள்ளாத சுரண்டல் இது. மதிப்பாய்வு நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடு, அதற்குக் கூலி கொடு என்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கெர்னல் என்றதும் கைகட்டி நிற்காதீர்கள். சாக் பேனிக் திருத்தங்கள் இன்றும் பொதுவெளியில்தான் இருக்கின்றன. சில பத்து வரிகள் கொண்டவை. அவற்றை எடுத்து வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பிழை எங்கே பிறந்தது? இந்தத் திருத்தம் பிறந்த இடத்தை அடைக்கிறதா, வலிக்கிற இடத்தில் மருந்து தடவுகிறதா? இந்தப் புதிய விதியால் அடிபடப் போவது யார்? பதில் கிடைக்கவில்லை என்றால் எழுதியவரிடமே கேளுங்கள். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். அவர் காரணம் சொல்லும் வரை ஒப்புதல் பொத்தானில் கை வைக்காதீர்கள்.