தேய்மானம் என்று சொல்லாதீர்கள்

சென்ற மாதம் முட்டி வலிக்காக ஓர் எலும்பு மருத்துவரிடம் போயிருந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஜவ்வு தேஞ்சு போச்சு சார். வயசாச்சு இல்ல? மாடி ஏறாதீங்க, கீழ உக்காராதீங்க. எதுல வந்தீங்க?" என்றார். "சைக்கிள்ல" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதல்ல அதை விடுங்க."

மொத்தம் 4 நிமிடம். வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை, முட்டிக்கு ஓர் உறை. காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை தூரம் ஓட்டுகிறேன், சீட் எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான். வெளியே பெஞ்சில் இன்னும் இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். என் சண்டை அவரோடு இல்லை. அந்த "அதை விடுங்க" என்பதோடுதான். மருமகன் சொல்கிறார், மருந்துக்கடைப் பையன் சொல்கிறான், காய்கறிக்காரம்மா சொல்கிறார். புதுச்சேரியில் 70 வயதைத் தாண்டிய ஒருவன் சைக்கிளில் ஏறினால் ஊரே கூடிப் புத்தி சொல்கிறது.

முதலில் அந்தத் "தேய்மானம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எல்.டி.சி.யாகச் சேர்ந்து வாழ்நாள் முழுக்க அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். பழைய நாற்காலி, தட்டச்சு இயந்திரம், மின்விசிறி எல்லாவற்றையும் கணக்கிலிருந்து கழிக்க நாங்கள் எழுதும் காரணம் அதுதான். "தேய்மானம் காரணமாக உபயோகத்துக்கு லாயக்கற்றது." அப்புறம் ஏலம். அந்தச் சொல்லை ஒரு மனிதனின் காலுக்குச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இருக்கிற கொஞ்சத்தையும் செலவழிக்காமல் பத்திரப்படுத்த வேண்டும் என்றுதான் நினைப்பான். காலை ஆட்டாமல் வைத்துக்கொள்வான்.

ஆனால் முட்டி பிரேக் கட்டை இல்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. காலை மடக்கி நீட்டும்போது, பாரம் ஏறி இறங்கும்போது, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைக்காத முட்டி பட்டினி கிடக்கிற முட்டி. அதோடு, முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. உட்கார்ந்தே இருந்தால் அது சில வாரங்களிலேயே இளைத்துப் போகும். அப்புறம் பாரம் முழுவதும் மூட்டின் மேல்தான். உலகத்தில் இந்த நோய்க்கென்று மருத்துவர்கள் கூடி எழுதிய வழிகாட்டிகள் எல்லாம் முதல் சிகிச்சையாகச் சொல்வது உடற்பயிற்சியும், எடை கூடியிருந்தால் குறைப்பதும். மாத்திரை அதற்குப் பிறகுதான்.

நான் பிரெஞ்சில் படித்தவன். எங்களுக்கு இலக்கணம் எடுத்த வயதான மெஸ்யே ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் "ருய்யே, ருய்யே" என்று முனகுவார். துருப்பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். தேய்ந்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை. துருவுக்கு வைத்தியம் வேறு அல்லவா? (பிரெஞ்சுக்காரர்களும் குருத்தெலும்பைப் பற்றி "உசூர்", அதாவது தேய்மானம், என்று சொல்லத்தான் செய்கிறார்கள். அவர்களை நான் முழுசாகத் தூக்கிப் பிடிக்கவில்லை.)

அவர்கள் சைக்கிளைச் செல்லமாகச் "சின்ன ராணி" என்பார்கள். அந்த ஊர் ரொபேர் மர்ஷான் 2017இல் தன் 105வது வயதில் ஒரு மணி நேரத்தில் 22 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். 109 வயது வரை இருந்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். பெரிய மார்க்கெட் வரை போய்க் கீரை வாங்கி வந்தால் போதும்.

"நடங்களேன், சைக்கிள் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவு கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியின் மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல். லேசாகப் பெடல் மிதிக்கும்போது ஏறக்குறைய உடல் எடை அளவுதான். 70 கிலோ ஆள் நடந்தால் 175 கிலோ, சைக்கிளில் போனால் 85 கிலோ. நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் மாலையில் கடற்கரையில் நடக்கிறவன்தான். ஆனால் நடக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை மட்டும் விடச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

நம்மிடம் தப்பு இல்லாமல் இல்லை. பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறோம், கால் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்ற பயத்தில். அப்படி ஓட்டினால் முட்டி ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி, முட்டிச் சில்லு அழுந்தும். வலிக்கத்தான் செய்யும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் உயரம். நான் என் சீட்டை இரண்டு விரல் உயர்த்தியதில் பாதி வலி போனது. சைக்கிள் கடைக்காரர் காசு வாங்கவில்லை. கோரிமேடு பக்கம் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுகிறேன். அதில் என்ன அவமானம்?

அவமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது, லேடீஸ் சைக்கிள். முட்டி மடங்காத கிழவனுக்குக் குறுக்குப் பார் மேல் காலைத் தூக்கிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. பாதிப் பேர் விழுவது அங்கேதான். பார் இல்லாத வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "பொம்பள வண்டியா?" என்கிறார்கள். சின்ன வயதில் பாருக்குள் காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்தபோது வராத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது? நான் நான்கு வருடமாக அதைத்தான் ஓட்டுகிறேன். என் மீசை இன்னும் இருக்கிறது.

முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, தலை சுற்றினாலோ ஓட்டாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஓட்டிய மறுநாள் வலி கூடினால் தூரத்தைக் குறையுங்கள். சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிளில் போகிறவனை இந்த ஊரில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை, நேரு வீதியில் ஓரம் முழுக்க மோட்டார் சைக்கிள். அதனால்தான் காலை ஆறு மணிக்கே போய்விட்டு வருகிறேன். அது தனிக் கட்டுரை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். காரணம் இருக்கிறது. அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டைக்காரர். எட்டு வருடம் முன்பு அவருக்கும் இதே 4 நிமிடம். எனக்குப் போன் செய்து, "என்ன பண்றது, நீ சொல்லு" என்றார். "டாக்டர் சொன்னா கேளுய்யா" என்று சொன்னவன் நான்தான். சைக்கிள் பின்கட்டுக்குப் போனது. ஸ்கூட்டர் வாங்கினார். ஒருமுறை சறுக்கியதும் மகன் சாவியை எடுத்துக்கொண்டான். பிறகு ஆட்டோ. பிறகு "எதுக்கு வெளிய போகணும்?" எடை 12 கிலோ கூடியது, சர்க்கரையும் வந்தது. போன பொங்கலுக்குப் போனபோது கழிவறைக்குப் போக மருமகளைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் லேடீஸ் சைக்கிளை அவர் வீட்டு வராந்தாவுக்கே ஏற்றி, டபுள் ஸ்டாண்ட் போட்டுச் சுவரோரமாக நிறுத்தினேன். பின்சக்கரம் தரையில் படாது, வண்டி நகராது. மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தார். முதல் சுற்றுக்கு முட்டி வரவில்லை. முன்னும் பின்னுமாகப் பாதிப் பாதியாக ஆட்டினார். ஐந்தாவது ஆறாவது தடவையில் பெடல் முழுசாகச் சுற்றியது. சக்கரம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. 3 நிமிடம் மிதித்தார். வேர்த்துக் கொட்டியது.

இறங்கும்போது, "வண்டிய எடுத்துட்டுப் போயிடாத" என்றார். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.