வெற்றி விழாவும் வாகைத் திணையும்

வெற்றியை விரும்பாதார் இலர். ஆயினும், எதனை வெற்றி எனக் கொள்வது, அதனை எவ்வாறு கொண்டாடுவது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்கே உரிய விடையை வைத்திருக்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மாணவர் பலர் இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வரலாற்றுப் போர் விளையாட்டுகளில் திளைக்கின்றனர். உரோமானியப் பேரரசைக் களமாகக் கொண்ட விளையாட்டுகளும் அவற்றுள் உண்டு. தம் தளபதிக்கு ‘வெற்றி விழா’ ஈட்டித் தருவது அங்கே பெரும்பேறாகக் கருதப்படுகிறது. இவ்விளையாட்டைப் பழிப்பது எம் நோக்கமன்று. வரலாற்றின்பால் ஆர்வம் பிறக்க அதுவும் ஒரு வாயிலே. எனினும், அவ்விழாவின் மறுபக்கத்தையும், வெற்றியை அளக்கத் தமிழ் வைத்திருக்கும் கோலையும் மாணவர் அறிதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

உரோமாபுரியின் கணக்கு

உரோமில் வெற்றி விழா என்பது தளபதி தாமே எடுத்துக்கொள்ளும் உரிமையன்று; செனட் அவை வழங்கும் சிறப்பு. அவை இசையும் வரை அவர் நகர எல்லைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். ஒரே போரில் 5,000 பகைவரேனும் மாண்டிருத்தல் வேண்டும் என்றொரு விதி இருந்ததாக வலேரியஸ் மாக்சிமஸ் என்னும் உரோமானிய நூலாசிரியர் எழுதுகிறார். தலைக்கணக்கே தகுதியாயின், பொய்க்கணக்கும் உடன்வருமன்றோ? மாண்டோர் தொகையைத் திரித்துரைக்கும் தளபதிகளை ஒறுக்கச் சட்டமே இயற்ற நேர்ந்தது என்பதையும் அவரே குறிக்கிறார்.

நான்கு குதிரை பூட்டிய தேரில் தளபதி வருவார். தேருக்கு முன்னே கொள்ளைப் பொருள்களும், விலங்கிடப்பட்ட கைதிகளும் செல்வர். நுமீடிய மன்னன் ஜுகுர்த்தா கி.மு. 104-இல் அவ்வாறு நடத்திச் செல்லப்பட்டுச் சிறையில் மாண்டான். கால் நாட்டுத் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ், சீசரின் கி.மு. 46ஆம் ஆண்டு விழாவுக்கென்றே ஆறாண்டுகள் சிறைவைக்கப்பட்டுப் பின்னர்க் கொல்லப்பட்டான். கி.மு. 19-க்குப் பின்னரோ இவ்விழா அரச குடும்பத்தார்க்கே உரியதாயிற்று. களத்தில் நின்ற தளபதிக்குச் சில சின்னங்களே எஞ்சின. போரிட்டவன் ஒருவன், புகழ் கொண்டவன் மற்றொருவன்.

நம் நகரில் ஒரு பளிங்குச் சிலை

இஃது எங்கோ நிகழ்ந்த பழங்கதை என்று எண்ண வேண்டா. இராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தை அடுத்துள்ள புனித ஜார்ஜ் கோட்டையின் அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில், 1792-இல் திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அச்சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினர். கைதி இல்லாமல் வெற்றியைக் காட்ட இயலாது என்னும் உரோமானிய எண்ணமே அப்பீடத்திலும் உறைந்து கிடக்கிறது.

தமிழின் அளவுகோல்

தமிழ் தலைக்கணக்கை அறியாதது என்று நாம் பெருமை பேசுதல் பொருந்தாது. போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி பாடப்பெறும் என்பது பாட்டியல் மரபு. கலிங்கப் போரை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். எனினும் கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவன் முதற் குலோத்துங்கனே. வேந்தனிடம் சிறப்புப் பெற்ற வீரனின் பெருமித உரையை ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ எனத் தொல்காப்பியர் ஒரு துறையாகவே வகுத்துள்ளார். ஏனாதிப் பட்டம் அத்தகைய சிறப்புகளுள் ஒன்று.

ஆயின், தமிழ் அவ்வளவில் நின்றுவிடவில்லை. வாகைத் திணைக்கு இலக்கணம் கூறும் தொல்காப்பியர், குற்றமற்ற கொள்கையோடு தத்தமக்குரிய ஆற்றலை மிகுதிப்படுத்துதலையே வாகை என்கிறார். போரில் வெல்லும் அரசன் அதன் ஒரு பகுதியே. அறிவர்க்கும் தவம் புரிவோர்க்கும் பிறர்க்கும் அதில் இடமுண்டு. அவர் காட்டும் பிரிவுகள் அக்காலச் சமுதாய அமைப்பைத் தழுவியவை. அவற்றை நாம் ஏற்க வேண்டுவதில்லை. பிறரை வீழ்த்தாமலும் ஒருவர் வாகை சூடலாம் என்னும் கருத்தே நாம் கொள்ள வேண்டிய செல்வம்.

வடசென்னையின் வாகை

இக்கோலைக் கொண்டு நம் பகுதியை அளந்து பார்ப்போம். துறைமுகம் எழுவதற்கு முன், கரையை அறையும் அலைகளினூடே மசூலாப் படகுகளைச் செலுத்திப் பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்தோர் இக்கடற்கரை மக்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட துறைமுகச் சுவர்களை 1881-இல் புயல் சிதைத்தது. அவை மீண்டும் எழுப்பப்பட்டன. கல் சுமந்த தோள்களுக்கு எந்த அவை விழா எடுத்தது?

1923 மே முதல் நாளில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் சிங்காரவேலர் தொழிலாளர் நாள் கூட்டம் நடத்தினார். அங்கே உழைப்போரே விழாவுக்கு உரியோராயினர்; விலங்கிடப்பட்ட பகைவர் எவரும் அங்கே தேவைப்படவில்லை. 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையிலும் நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனரேயன்றி, எவரையும் மிதித்து நிற்கவில்லை. கார்ன்வாலிஸ் பீடத்தையும் இச்சிலையையும் ஒரே நாளில் கண்டு வரும் மாணவர், வெற்றி என்னும் சொல்லுக்கு இருவேறு பொருள் உண்டென்பதை உணர்வர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. விளையாட்டைத் தடுப்பதால் மட்டும் பயன் விளையாது. மாணவர் தம் தளபதியின் வெற்றியைக் கூறும்போது, “தேருக்கு முன்னே நடந்தோர் யாவர்?” என்று அன்போடு வினவுக. சீசரின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் இளைஞர், துறைமுகத்திலும் ஆலையிலும் மீன்பிடித் துறையிலும் தம் பாட்டனார் என்ன பணி செய்தார் என்பதைச் சொல்ல இயலாமல் விழிப்பது வருந்தத்தக்கது. அம்முதியோரின் உழைப்பு அவர்தம் வாய்மொழியிலேயே இன்னும் வாழ்கிறது. அவர்களோடு அது மறைந்துவிடும். ஆகவே, கல்லூரித் தமிழ்த்துறைகள் அதனை மாணவரைக் கொண்டே கேட்டு எழுதுவித்துத் தொகுக்க முன்வர வேண்டும். வடசென்னைக்கு உரிய வாகைத் திணை அதுவேயாகும்.