இருவடிவக் கருவியும் வடிவப் போரும்

திரைப்படத்தையும் திருமணக் காட்சியையும் வீட்டிற்குள்ளேயே இயக்கிக் காணும் வசதி உலகில் தோன்றி அரை நூற்றாண்டு ஆகிறது. இந்த அரை நூற்றாண்டில் அத்துறை அமைதியாக இருந்த ஆண்டுகள் குறைவு. ஒரு நிறுவனம் ஒரு வடிவத்தைப் படைக்கும். மற்றொரு நிறுவனம் அதனோடு பொருந்தாத வேறொரு வடிவத்தைப் படைக்கும். ஒன்றின் நாடா மற்றதன் கருவியில் நுழையாது. எதனை வாங்குவது என்று அறியாமல் மக்கள் திகைத்து நிற்பர். அவ்வேளையில், 'இரண்டையும் ஏற்கும் கருவி இதோ' என்று மூன்றாமவர் ஒருவர் முன்வருவார். பூசல் தீர்ந்தது என்று பலரும் மகிழ்வர். உண்மையில் தீர்கிறதா? பெரும்பாலும் தீர்வதில்லை என்பதே என் கருத்து. தீர்ந்த இடமும் ஒன்று உண்டு. அதனையும் மறையாது கூறுவேன்.

சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸ் என்னும் ஒளிநாடாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்னும் மாற்று வடிவத்தைக் கொணர்ந்தது. படத்தின் தெளிவில் பீட்டாமேக்ஸ் சற்று உயர்ந்தது என்பாருளர். ஆனால் தொடக்கத்தில் அதன் நாடா ஒரு மணி நேரமே ஓடியது, வி.எச்.எஸ். நாடா இரண்டு மணி நேரம் ஓடியது. மேலும் ஜே.வி.சி. தன் வடிவத்தைப் பிற நிறுவனங்களுக்குத் தாராளமாகக் கொடுத்தது. இறுதியில், 1988-இல் சோனி நிறுவனமே வி.எச்.எஸ். கருவி செய்து விற்கும் நிலை வந்தது. தோற்றவன் வென்றவனின் கடையில் சரக்கெடுத்த கதை அது.

நம் சித்தையன்கோட்டையில் இப்போரின் ஓசை கேட்டதாக நினைவில்லை. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் கொண்டுவந்தது பெரும்பாலும் வி.எச்.எஸ். கருவியே. அதற்கு நாம் இட்ட பெயர் 'டெக்'. ஓர் இரவுக்கு டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, விடிவதற்குள் மூன்று படங்கள் பார்த்துவிட்டுச் சிவந்த கண்களோடு பள்ளிக்குச் சென்ற தலைமுறை எங்களுடையது. அந்த டெக்குகள் பலவற்றின் முகப்பில் 'பால், செகாம், என்.டி.எஸ்.சி.' என மூன்று பெயர்கள் பொறித்திருக்கும். அவை என்னவென்று வீட்டில் எவரும் வினவியதில்லை. மூன்று இருந்தால் விலை கூடுதல், ஆகவே உயர்ந்தது என்பதே அத்தாமார்களின் முடிவு.

அப்பெயர்களில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சி 'பால்' முறையைத் தழுவியது; அது 625 கோடுகளால் ஒரு படத்தை வரையும். அமெரிக்காவும் சப்பானும் 525 கோடுகளையுடைய 'என்.டி.எஸ்.சி.' முறையைக் கைக்கொண்டன. பிரான்சு 'செகாம்' முறையை வகுத்துக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடா வெறும் இந்திய டெக்கில் நேராகத் தெரியாது; மும்முறை டெக்கில் தெரியும். ஆகவே அது ஒரு பன்வடிவக் கருவியே. அது உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றும் பாலுக்கும் என்.டி.எஸ்.சி.க்கும் இடையிலான வேறுபாடு அழிந்ததா? இல்லை. எண்ணியல் ஒளிபரப்பு வந்து இரண்டையும் ஒருசேரப் பழமையாக்கும் வரை இரண்டும் வாழ்ந்தன. கருவி இருதரப்பையும் ஏற்றமையால், இருதரப்பும் தம் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே எழவில்லை. வீட்டில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எந்நேரமும் இருந்தால் மருமகளும் மாமியாரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதில்லை அல்லவா?

அடுத்து வந்தது குறுவட்டுக் காலம். 1993-இல் வகுக்கப்பட்ட வி.சி.டி. ஒன்றில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். நம் படங்களுக்கு இரண்டோ மூன்றோ வட்டுகள் வேண்டும். டி.வி.டி. 1996-இல் சப்பானில் விற்பனைக்கு வந்தது. டி.வி.டி. பிறக்குமுன்பே ஒரு போர் மூள இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. சோனியும் பிலிப்சும் ஒரு வடிவத்தையும், தோசிபாவும் அதன் கூட்டாளிகளும் வேறொரு வடிவத்தையும் முன்வைத்தனர். கணினி நிறுவனங்கள் ஒன்றுகூடி, 'இரண்டை ஏற்கமாட்டோம். ஒன்றாக்கிக் கொண்டு வாருங்கள்' என்று நின்றன. 1995-இல் இருதரப்பும் இணங்கின. இரண்டையும் ஏற்கும் கருவி செய்கிறோம் என்று அக்கணினி நிறுவனங்கள் அன்று முன்வந்திருந்தால் அந்த இணக்கம் ஏற்பட்டிருக்காது என்பது என் துணிபு.

டி.வி.டி. கருவிகள் வி.சி.டி.யையும் இயக்கின. தமிழ்நாட்டில் டி.வி.டி. பரவியதற்கு அது பெருந்துணை. வீட்டிலிருந்த பழைய வட்டுகளை எறிய வேண்டியதில்லை என்றதும் மக்கள் துணிந்து வாங்கினர். 2007-ஆம் ஆண்டளவில் மோசர் பேர் நிறுவனம் படங்களை வி.சி.டி.யில் 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யில் 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, ஆறு ரூபாய் வேறுபாட்டிற்காக எவர் வி.சி.டி. வாங்குவார்? (திருட்டு வட்டுகளை ஒடுக்கத் தமிழக அரசு 2004-இல் குண்டர் சட்டத்தையே திருத்தியது. அச்சட்டத்தைவிட இந்த மலிவு விலை திருட்டு வட்டை மிகுதியாக அச்சுறுத்தியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.) ஆனால் இதனைப் போர் என்று கொள்ளலாகாது. இது தந்தைக்குப்பின் மகன் பொறுப்பேற்பது போன்ற வழிமுறை மாற்றம். முதியதும் புதியதும் ஒரே கருவியில் வாழ்வது இயல்பு. சமவயதுடைய இரு போட்டியாளர் அவ்வாறு வாழ்வரா என்பதே கேள்வி.

அதற்கு விடை 2006-க்கும் 2008-க்கும் இடையில் கிடைத்தது. உயர்தெளிவுப் படங்களுக்காகத் தோசிபா எச்.டி. டி.வி.டி.யையும், சோனி முதலியோர் புளூ-ரேயையும் களமிறக்கினர். இரண்டும் ஒரே நீலக் கதிரால் படிக்கப்படுவன. ஆயினும் எச்.டி. டி.வி.டி.யின் தகவல் வட்டின் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது; புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர் ஆழமே. ஓர் அடுக்கில் முன்னது 15 கிகாபைட்டும் பின்னது 25 கிகாபைட்டும் கொள்ளும். இரண்டையும் படிக்க வேண்டுமெனில் கண்ணாடி வில்லை அமைப்பு வேறுவேறாக வேண்டும். இருதரப்புக்கும் உரிமத்தொகை செலுத்தவும் வேண்டும்.

2007 சனவரியில் எல்.ஜி. நிறுவனம் இரண்டையும் ஏற்கும் கருவியை அறிவித்தது. விலை ஏறத்தாழ 1,200 டாலர். அவ்வளவு கொடுத்தும் எச்.டி. டி.வி.டி.யின் பட்டிகள் முதலிய சிறப்பு வசதிகள் அதில் முழுமையாக இயங்கவில்லை. சாம்சங்கும் பின்னர் ஓர் இருவடிவக் கருவியைக் கொணர்ந்தது. வார்னர் நிறுவனமோ ஒருபடி மேலே சென்று, ஒருபுறம் புளூ-ரேயும் மறுபுறம் எச்.டி. டி.வி.டி.யும் கொண்ட வட்டினையே வெளியிடுவதாக அதே மாதம் அறிவித்தது. அவ்வட்டு கடைக்கு வரவே இல்லை. அவ்வாண்டின் இறுதியில் தோசிபாவின் கருவி ஒன்று அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவாக விலைபோனது. இருவடிவக் கருவியின் விலையில், இரு தனிக்கருவிகளையும் வாங்கி மீதிப் பணத்தையும் பையில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை!

போர் எவ்வாறு முடிந்தது? 2008 சனவரி 4-ஆம் நாள் வார்னர் நிறுவனம் தன் படங்களை இனிப் புளூ-ரேயில் மட்டுமே வெளியிடும் என்றது. பிப்ரவரி 19-ஆம் நாள் தோசிபா ஆயுதத்தைக் கீழே வைத்தது. ஆறரை வாரத்தில் எல்லாம் முடிந்தது. கருவி செய்தவன் முடிக்கவில்லை, வாங்கியவனும் முடிக்கவில்லை, படம் எவன் கையில் இருந்ததோ அவன் முடித்தான்.

இனி, தீர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். நாமே பதிவு செய்துகொள்ளும் வெற்று டி.வி.டி.யிலும் இரு வடிவங்கள் இருந்தன: கழித்தற்குறி உடையது ஒன்று, கூட்டற்குறி உடையது மற்றொன்று. 2002 முதல் இரண்டிலும் எழுதவல்ல கருவிகள் வந்தன. சில ஆண்டுகளில் அப்பூசல் ஓசையின்றி அடங்கியது. கடையில் வட்டு வாங்குவோர் குறியைப் பார்ப்பதையே விட்டனர். ஏனெனில் இரண்டும் ஒரே கதிரால், ஒரே ஆழத்தில் எழுதப்படுவன. இரண்டையும் ஏற்பதால் கருவியின் விலை பெரிதும் ஏறவில்லை. மேலும் அவை வெற்று வட்டுகள். 'என் படம் இந்த வட்டில் மட்டுமே' என்று முறுக்கிக்கொள்ள அங்கே உரிமையாளர் எவருமில்லை. இவ்விரண்டும் பொருந்திய இடத்தில் இருவடிவக் கருவி போரை முடிக்கும். பொருந்தாத இடத்தில் அது கூடாரம் மட்டுமே அமைத்துக் கொடுக்கும்.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இது புதியதன்று. கணித்தமிழ் இதே போரைத் தன் மேனியில் தாங்கியிருக்கிறது. தொண்ணூறுகளில் நிறுவனத்திற்கு ஒரு குறியேற்றம் இருந்தது. ஒருவர் தட்டச்சிட்ட கட்டுரை அடுத்தவர் கணினியில் சிலந்திவலை போலத் தோன்றும். இணையத் தமிழர் திஸ்கியை உருவாக்கினர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒருங்குறியோ 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அது உயிர்மெய்களைத் தனியெழுத்தாகக் கொள்ளாமல் மெய்யும் குறியுமாகப் பிரிக்கிறது என்று அறிஞர் பலர் வெகுண்டனர். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் சேர்த்தே ஏற்றது. அரசாணையே இருவடிவக் கருவியாயிற்று எனலாம்.

இவ்விடைக்காலத்தில் எழுத்துரு மாற்றிகள் பல தோன்றின. அவை போரை முடிக்கவில்லை. கணினியும் கைப்பேசியும் ஒருங்குறியை உள்ளேயே கொண்டு வந்ததுதான் முடித்தது. ஆனால் அம்மாற்றிகள் செய்த தொண்டு வேறு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் பழைய எழுத்துருக்களிலும் திஸ்கியிலும் ஏற்றிய இலக்கியங்கள், பின்னர் ஒருங்குறிக்கு இடம்பெயர்ந்து இன்றும் நம் மாணவர் கையில் இருக்கின்றன. இரண்டையும் படிக்கும் கருவி வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்த்தெழுதும் கருவி வேறு. முன்னது பழுதானால் இரண்டும் போயின. பின்னது தன் வேலையை ஒருமுறை செய்துவிட்டால் அது பழுதானாலும் கவலையில்லை. ஏடு பெயர்த்தெழுதிய முன்னோர் அறிந்திருந்த உண்மை இது.

ஆகவே எந்தக் கருவி வெல்லும் என்ற வினாவைப் பெருநிறுவனங்களுக்கு விட்டுவிடலாம். திரைப்படம் எந்த வடிவம் தோற்றாலும் வேறு வடிவத்தில் திரும்ப வரும். திரும்பி வாராதவை நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இவ்வூரில் நடந்த நிக்காஹ்களின் ஒளிநாடாக்கள் எத்தனை வீடுகளில் உறங்குகின்றன! மாப்பிள்ளை ஊர்வலமும் விருந்தும் மட்டுமா அவற்றில் உள்ளன? மறைந்துபோன பெரியத்தாமார்களின் குரல் இருக்கிறது. பாட்டியர் பாடிய பாடல்கள் இருக்கின்றன. இன்று எவர் வாயிலும் வழங்காத உறவுச் சொற்களும் விளிகளும் இருக்கின்றன. வட்டார வழக்கு ஆய்வாளனுக்கு வேறெந்த நூலகத்திலும் கிடைக்காத மூலம் அது.

காலமோ குறுகியது. சப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியது, அதற்குப்பின் புதிய டெக் எங்கும் செய்யப்படவில்லை. ஈரம் பட்ட நாடாவில் வெண்பூஞ்சை படர்கிறது. துடைக்காமல் இயக்கினால் கருவியின் தலைப்பகுதியும் கெடுகிறது. முன்பே டி.வி.டி.யாக மாற்றிக்கொண்டோரும் நிம்மதியாக இருக்க இயலாது. என் தமக்கையின் திருமண நாடாவை ஒரு நிலையத்தார் வட்டில் ஏற்றித் தந்தனர். பதிவை முறைப்படி முடித்து மூடாமல் கொடுத்தமையால் அது அவர்கள் கருவியிலன்றி வேறெதிலும் ஓடவில்லை. முறையாக மூடிய வட்டாயினும், இன்று விற்கும் மடிக்கணினி பலவற்றில் அதைச் செருக வாய் இல்லை.

நம் துறை இதில் ஒரு பணியை மேற்கொள்ளலாம். ஓடும் நிலையிலுள்ள ஒரு டெக், கணினியில் இணைக்கும் சிறு பதிவுக்கருவி, கோப்பினைச் சேமிக்க இரண்டு வன்தட்டுகள் போதும். நாட்டுப்புறவியல் தாளுக்கான களப்பணியாக இதனைக் கொள்ளலாம். ஒரு தடை உண்டு. அதனை நான் நன்கறிவேன். பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகள் அந்நாடாக்களில் இருக்கும். அதனாலேயே பல குடும்பத்தார் அவற்றை வெளிநிலையங்களுக்குத் தரத் தயங்கிப் பெட்டியிலேயே பூட்டி வைத்துள்ளனர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. நம் மாணவியரே வீடுகளுக்குச் சென்று, அவ்வீட்டார் கண்முன்னே பெயர்த்தெழுதி, கோப்பை அவர்களிடமே ஒப்படைத்து, ஆய்வுக்கு ஒலியை மட்டும் அவர்கள் இசைவோடு பெற்று வரலாம்.