சாப்பாடு மரபணுவை மாற்றுமா? மார்பகப் புற்றுநோயும் நம் தட்டும்

சிங்கப்பூரில் 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து உப்பு, சுவைச்சாறு, உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றின் பொட்டலங்களிலும் நியூட்ரி-கிரேட் முத்திரையைப் பார்க்கப் போகிறோம். போத்தல், டின் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30ஆம் தேதி நடப்புக்கு வந்த முறை இது. கடைகளில் கலக்கித் தரப்படும் பானங்களுக்கு அடுத்த ஆண்டே விரிவுபடுத்தப்பட்டது. முத்திரை வரும் முன்னரே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. போத்தல் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017ல் 7.1 விழுக்காடாக இருந்தது. 2023ல் அது 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால், உணவையும் புற்றுநோயையும் இணைத்து இன்னொரு பேச்சு கைப்பேசிகளில் வேகமாகப் பரவுகிறது. “இந்தக் கீரை புற்றுநோய் மரபணுவை அணைத்துவிடும்”, “உணவை மாற்றினால் மரபணுவே மாறும்” என்று நாள்தோறும் ஏதாவது ஒரு செய்தி வருகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் படிப்பதால், வீட்டில் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள்: “இது உண்மையா?”

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

மரபணு மட்டும் காரணமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ல் 2.3 மில்லியன் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 670,000 பேர் மாண்டனர். சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே.

‘குடும்பத்தில் இருந்தால்தான் வரும்’ என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற, பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிழைகள் காரணமாக ஏற்படுபவை 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. மற்றவற்றில் வயது, ஹார்மோன், பிள்ளைப்பேறு, உடல் எடை, மது, தற்செயல் எனப் பலவும் கலந்திருக்கின்றன.

ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடியேறிய குடும்பங்கள் இதற்கு நல்ல சான்று. ஜப்பானில் மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்த காலத்தில் அவர்கள் கிளம்பினார்கள். அமெரிக்காவில் ஓரிரு தலைமுறைகளுக்குள் அவர்களின் மகள்கள், பேத்திகளிடம் நோய் விகிதம் ஏறியது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணுக்கள் மாறியிருக்க முடியாது. மாறியது வாழ்க்கைமுறை, அதில் உணவும் ஒரு பகுதி.

எழுத்து மாறாது, பக்கம் திறக்கும்

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஆனாலும் கல்லீரல் கல்லீரலாகவும் தோல் தோலாகவும் இருக்கின்றன. ஒரு சமையல் குறிப்பேட்டை நினைத்துப் பாருங்கள். அதில் நூறு குறிப்புகள் இருந்தாலும் இன்று எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பதார்த்தம்தான் சமைக்கப்படும். சில பக்கங்களைக் கிளிப் போட்டு மூடி வைக்கலாம். உயிரணுவில் அந்தக் கிளிப்பின் வேலையைச் செய்பவற்றுள் ஒன்று ‘மெத்தில்’ என்ற சிறிய வேதித் தொகுதி. இத்தகைய அடையாளங்களை ஆராயும் துறைதான் எபிஜெனெட்டிக்ஸ்.

கீரை, பருப்பு வகைகளில் உள்ள ஃபோலேட், முட்டையில் உள்ள கோலின், வைட்டமின் பி12 ஆகியவை மெத்தில் தொகுதிகளைத் தயாரிக்க உடலுக்கு உதவுகின்றன. அப்படியென்றால் உணவுக்கும் மரபணுச் செயல்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2003ல் வெளியான ஆய்வு இதைக் கண்ணுக்கே காட்டியது. கருவுற்ற எலிகளுக்கு இச்சத்துகளைக் கூடுதலாகக் கொடுத்தபோது, மஞ்சள் நிறத்துக்குப் பதிலாகப் பழுப்பு நிறக் குட்டிகள் அதிகம் பிறந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதன்மேல் இருந்த மெத்தில் அடையாளம் மாறியிருந்தது.

மனிதர்களிலும் சான்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவின் தொடக்க நிலையில் இருந்தவர்களை ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில், பஞ்சத்துக்கு ஆளாகாத உடன்பிறப்புகளைவிட மெத்தில் அடையாளம் குறைவாக இருந்தது. தாயின் பசி பிள்ளையின் உயிரணுக்களில் அறுபதாண்டு தங்கியிருந்தது.

மார்பகத்தில் என்ன நடக்கிறது?

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மார்பக உயிரணுவுக்குள் சென்று ஏற்பியோடு இணைந்ததும், வளர்ச்சிக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. உயிரணுக்கள் அதிகமாகப் பிரியப் பிரிய, பிழை நேரும் வாய்ப்பும் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்தே வருகிறது. அந்த வயதில் உடல் பருமன் ஆபத்தைக் கூட்டுவது இதனால்தான். இனிப்புப் பானத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையும் எடை வழியாகவே முதலில் பார்க்க வேண்டும்.

மதுவின் தொடர்பு இன்னும் நேரடியானது. மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது, ஈஸ்ட்ரோஜன் அளவை உயர்த்துகிறது, ஃபோலேட் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. நாளுக்கு 10 கிராம் மது, அதாவது ஏறத்தாழ ஒரு சிறு கோப்பை, ஆபத்தை ஏழு விழுக்காடு கூட்டுவதாக 2002ல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

உணவின் நன்மைக்கும் சான்று உண்டு. 1993ல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வில் 63,000க்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். அதில் சோயா உணவை அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் உணவங்காடி நிலையங்களில் கிடைக்கும் தவ்வும் தெம்பேயும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

நம் வயதினர் கவனிக்க வேண்டிய ஆய்வு அமெரிக்கத் தாதியரிடையே நடத்தப்பட்டது. உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் நார்ச்சத்து அதிகம் உண்டதாகச் சொன்ன பெண்களுக்குப் பிற்காலத்தில் ஆபத்து 16 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2016ல் அந்த ஆய்வு தெரிவித்தது. மார்பகத் திசு வேகமாக வளரும் பருவம் அது. இவை கவனித்துப் பதிவுசெய்த ஆய்வுகள். காரணத்தை முழுமையாக நிரூபிப்பவை அல்ல. இருந்தாலும், காய்கறியையும் முழுத்தானியத்தையும் கூட்டிக்கொள்வதில் நமக்கு எந்த இழப்பும் இல்லை.

எல்லை எங்கே?

பிராக்கலியில் உள்ள சல்ஃபோராஃபேன், மஞ்சளில் உள்ள குர்குமின் ஆகியவை ஆய்வகத் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றுநோய் உயிரணுக்களின் மரபணுச் செயல்பாட்டை மாற்றுவது உண்மைதான். ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, சாப்பாட்டுத் தட்டு வேறு. 48,835 அமெரிக்கப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்பு குறைந்த உணவுக்கு மாற்றிய பெரிய சோதனையின் முடிவு 2006ல் வந்தது. மார்பகப் புற்றுநோய் ஒன்பது விழுக்காடு குறைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறிய வித்தியாசம். ஏறத்தாழ 20 ஆண்டுத் தொடர் கண்காணிப்புக்குப் பிறகு, இந்நோயால் மாண்டவர்கள் 21 விழுக்காடு குறைவு எனத் தெரிந்தது. உணவின் பலன் மெதுவானது, மிதமானது. எந்த ஒரு கீரையும் ஒரே இரவில் எந்த மரபணுவையும் அணைத்துவிடாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் பெரியம்மாவுக்கு இந்நோய் வந்தபோது பார்க்க வந்தவர்களில் பலர், “அப்படி என்னதான் சாப்பிட்டாய்?” என்று கேட்டார்கள். மது தொடாதவர், வீட்டுச் சமையலை விட்டு வெளியே சாப்பிடாதவர். நோயைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகம் வாட்டியது. உணவு ஆபத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஒரு தனிப்பட்ட பெண்ணைப் பார்த்து ‘உன் உணவால்தான் வந்தது’ என்று சொல்ல எந்த ஆய்வும் நமக்கு உரிமை தரவில்லை. “மருந்து வேண்டாம், இந்தச் சாறு போதும்” என்று அனுப்பப்படும் செய்தி அதைவிடக் கொடியது. அது சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கும்.

கொள்கையிலும் ஓர் இடைவெளி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மார்பகப் புற்றுநோயோடு ஆக உறுதியான தொடர்புடைய பானம் மது. ஆனால் நியூட்ரி-கிரேட் எழுத்து மதுபானங்களுக்கு இல்லை. போத்தலில் புற்றுநோய் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அயர்லாந்து 2023ல் விதி செய்தது; அது நடப்புக்கு வருவது 2028க்குத் தள்ளிப்போயிருக்கிறது. நாம் அதைக் குறித்து விவாதிக்கவாவது தொடங்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது அதைவிட எளிது. சிங்கப்பூரில் 50 முதல் 69 வயதுப் பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் செய்துகொள்ள வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் பேசி ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். ஆனால், அண்மைய தேசியச் சுகாதார ஆய்வுகளின்படி, பரிந்துரைத்தபடி அதைச் செய்துகொள்வோர் பத்தில் நால்வருக்கும் குறைவு. அடுத்த முறை அம்மாவோ அத்தையோ ஒரு கீரைச் செய்தியைக் காட்டி “உண்மையா?” என்று கேட்டால், கீரை நல்லதுதான் என்று சொல்லுங்கள். கூடவே, “மேமோகிராம் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?” என்றும் கேளுங்கள்.