காட்டைப் பார்க்கக் கால் போதாதா?

சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டு வருகிறவர்கள் செந்தோசா தீவில் எடுத்த போட்டோக்களைக் காட்டுவார்கள். அதில் சிலர் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இரண்டு சக்கர வண்டி ஒன்றின் மேல் கம்பீரமாக நின்றுகொண்டிருப்பார்கள். "இயற்கைச் சுற்றுலா போனோம், செக்வேயில்" என்பார்கள். கடற்கரையோரம் போட்ட நல்ல பாதையில் ஒரு விளையாட்டு. அதோடு நின்றால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. "இதையே நம்ம பாபநாசத்திலேயும் மணிமுத்தாறிலேயும் விட்டா எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்று அடுத்து ஒரு கேள்வி வருகிறது பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு. வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 2001-ல் வெளியிட்ட வண்டி அது. பக்கத்துக்கு ஒரு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். விழாமல் பார்த்துக்கொள்வதை மோட்டாரும் அதற்குள் இருக்கும் கருவிகளும் கவனித்துக்கொள்ளும். நகரங்களையே மாற்றிவிடும் என்று பேசினார்கள். ஒன்றும் மாறவில்லை. 2020-ல் அந்த வண்டியின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் போலீஸ்காரர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும்தான் அது பயன்பட்டது.

முதலில் குடும்பக் கணக்கைப் பார்ப்போம். அந்த வண்டியில் ஏறுகிறவர் 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, 117 கிலோவுக்கு மேலும் போகக் கூடாது. நாலாம் வகுப்புப் பேத்தி எத்தனை கிலோ இருப்பாள்? முழங்கால் வலிக்கார ஆச்சி ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போக முடியுமா? ஆக, ஆச்சியும் பேத்தியும் டிக்கெட் கவுண்டர் பக்கத்து பெஞ்சில். அப்பாவும் அம்மாவும் காட்டுக்குள். இதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலாவா? காட்டைக் காட்ட வேண்டியதே அந்தப் பேத்திக்குத்தானே!

"புகை இல்லை, சத்தம் இல்லை, காட்டுக்கு நல்லதுதானே" என்று ஒரு வாதம் வரும். புகை இல்லை என்பது சரி. ஆனால் சக்கரம் ஓடச் சமமான பாதை வேண்டும். வேரும் பாறையும் உள்ள இடத்தில் பாதை போட்டால் வேர் போகும், பாறை போகும். களக்காடு முண்டந்துறை 1988-லேயே புலிகள் காப்பகம் ஆன காடு, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே வண்டிக்காகக் காட்டைச் செதுக்குவது, செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வண்டியில் போகிறவனின் கண் பாதையில்தான் இருக்கும். கூட வரும் வழிகாட்டிக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், யாரும் விழாமல் பார்த்துக்கொள்வதுமே பாதி வேலை. அவர் எப்போது மரத்தைக் காட்டுவார்?

நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்ம பொதிகை மலையே சாட்சி. 1987-ல் மலையின் கேரளப் பக்கம் விஞ்ஞானிகள் குழு ஒன்று, காணி மக்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு ஏறியது. படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, காணிக்காரர்களுக்கு வாங்கவில்லை. அவர்கள் வழியெல்லாம் ஏதோ ஒரு சிறு காயை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தார்கள். என்ன காய் என்று கேட்டதில் வெளிவந்ததுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டு, அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. காட்டறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகமெல்லாம் எடுத்துச் சொல்லும் உதாரணம் இது.

யோசித்துப் பாருங்கள். அந்த விஞ்ஞானிகள் வண்டியில் போயிருந்தால் களைத்திருக்க மாட்டார்கள். களைக்காதவன் "உனக்கு ஏன் களைக்கவில்லை?" என்று பக்கத்தில் வருகிறவனைக் கேட்கவே மாட்டான்.

அதே காணி மக்கள் நம்ம பக்கம் காரையாறு, சேர்வலாறு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். வண்டி வாங்கும் பணத்தில் அவர்களில் பத்துப் பேருக்கு வழிகாட்டி வேலையும் கௌரவமான சம்பளமும் கொடுக்கலாம். வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் தூரம் மட்டும், பத்துப் பேர் கொண்ட குழுவாக நடத்திக் கூட்டிப்போகட்டும். நடக்க முடியாதவர்களை என்ன செய்ய என்று கேட்பீர்கள். நியாயம்தான். இருக்கிற ரோட்டிலேயே எல்லோரும் உட்கார்ந்து போகும் பேட்டரி வேன் விடலாம், நிழலில் திண்ணை கட்டலாம். அதில் ஆச்சியும் பேத்தியும் சேர்ந்தே உட்காரலாம்.

காடுதான் வேண்டும் என்றும் இல்லை. பொங்கல் லீவில் கூந்தன்குளத்துக்குப் போங்கள். 1994-ல் சரணாலயம் ஆன குளம் அது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் உண்டு. பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். கரையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால் போதும். ஹெல்மெட்டும் வேண்டாம், எடை பார்க்கிற மெஷினும் வேண்டாம்.

சாய்ந்தால் ஓடுகிற வண்டி செந்தோசாவிலேயே இருக்கட்டும். தாமிரபரணிக் கரைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும்.